அசையாமல் நிற்பதுதான் முதல் பாடம்

சனிக்கிழமை மாலை சிராங்கூன் சாலைப் பக்கம் காய்கறியும் பூவும் வாங்கப் போகும் குடும்பம், திரும்பும்போது ஒரு பெட்டியையும் கூடவே கொண்டுவருகிறது. உள்ளே ஒரு சிறிய ரிமோட் ஹெலிகாப்டர். வீட்டுக்கு வந்ததும் பையன் பேட்டரியை சார்ஜ் செய்து, கூடத்தின் நடுவில் அதை வைத்து, ரிமோட்டின் இடப்பக்கக் குச்சியை மேலே தள்ளுகிறான். விர்ரென்று எழுகிறது, கூரையில் மோதுகிறது, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் போய் விழுகிறது. எல்லாம் ஐந்து விநாடிக்குள் முடிந்துவிடும். அப்பா ஒரு முறை முயல்கிறார். இம்முறை திரைச்சீலை. மறுநாள் அந்தப் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. ‘மலிவுச் சாமான், சரியில்லை’ என்பது வீட்டாரின் தீர்ப்பு.

பெரும்பாலும் சாமான் மீது பிழையில்லை. சைக்கிளும் நீச்சலும் கற்க வேண்டியவை என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ரிமோட்டில் பறக்கும் ஹெலிகாப்டரும் அந்த வகைதான் என்பதை ஏனோ யாரும் ஒப்புக்கொள்வதில்லை. சைக்கிளுக்காவது பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர ஒருவர் இருப்பார். இதற்கு அதுவும் கிடையாது.

ஹெலிகாப்டரை ஓட்டுவது ஏன் இவ்வளவு கடினம்? ஒழுங்காகச் சமன் செய்த மாதிரி விமானம், கையை எடுத்தாலும் சிறிது தூரம் தன் போக்கில் பறக்கும். ஹெலிகாப்டர் அப்படியல்ல. கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் உச்சியில் கோலிக்குண்டை நிறுத்துவது போன்றது அதன் நிலை. இம்மி அளவு சாய்ந்தால் சாய்ந்த பக்கமே வழுக்கிக்கொண்டு போகும். அதை நிமிர்த்துவது மட்டும் போதாது, வழுக்கும் வேகத்தை நிறுத்த எதிர்ப்பக்கம் ஒரு கணம் சாய்த்து, உடனே மீண்டும் நேராக்க வேண்டும். அதாவது ஓரிடத்தில் அசையாமல் நிற்பதற்கே ஓயாத வேலை.

இன்னொரு தொல்லையும் உண்டு. மேலே விசிறி ஒரு திசையில் சுழலும்போது உடல் எதிர்த்திசையில் சுழலப் பார்க்கும். அதைத் தடுக்கவே வாலில் ஒரு சிறு விசிறி. வேகத்தைக் கூட்டினாலோ குறைத்தாலோ இந்தச் சமநிலை மாறி மூக்கு திரும்பிவிடும். ‘கைரோ’ என்ற சிறு உணர்கருவி இதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்கிறது.

கற்பவருக்கு ஏற்றது, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழலும் வகை. ஒன்றின் திருகலை மற்றொன்று ஈடுகட்டிவிடுவதால் உடல் திரும்பாது. மேல் விசிறியோடு சேர்ந்து சுழலும் எடைத்தண்டு, சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ள உதவும். 2010ஆம் ஆண்டு வாக்கில் உலகெங்கும் பரவிய சைமா எஸ்107 இந்த வகைதான். அடுத்தபடி, ஒற்றை விசிறியும் வால் விசிறியும் கொண்ட நான்கு கட்டுப்பாட்டு ஹெலிகாப்டர். மூன்றாவது, இறக்கைகளின் கோணத்தையே மாற்றித் தலைகீழாகவும் பறக்கக்கூடிய பெரிய வகை.

இந்த மூன்றாவதைத் தொடக்கத்திலேயே வாங்கவே கூடாது. கடினமானது என்பதற்காக மட்டுமல்ல. அதன் இறக்கைகள் நிமிடத்துக்கு 2,000 முறைக்கு மேல் சுழலும். 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், தாம் பறக்கவிட்ட ஹெலிகாப்டரே தாக்கி 19 வயது இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அவர் புதியவர் அல்ல, நன்கு பழகியவர்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வண்ணமோ விளக்கோ அல்ல. உதிரிப்பாகம் கிடைக்குமா என்பதுதான் முதல் கேள்வி. விசிறி இறக்கைகள் கட்டாயம் உடையும். இரண்டு ஜோடி கூடுதலாக வாங்கி வைத்துவிட்டால் மனம் தளராது. தேக்காவிலிருந்து நடந்தே போகும் தொலைவில், ஜாலான் புசாரில் இருக்கிறது சிம் லிம் டவர். கம்பி, இணைப்பான், சாலிடர் போன்ற மின்னணுச் சில்லறைச் சாமான்களுக்குப் பேர்போன இடம். ரிப்பேர் வேலையில் கைவைக்க ஆசைப்படும் பிள்ளைகளை அங்கே ஒரு சுற்று கூட்டிப் போகலாம்.

இனி பயிற்சி. வீவக வீட்டுக் கூடமே போதும், ஆனால் முதலில் காற்றாடியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்த வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் இதுதான் பெரிய தியாகம்! சில கிராம் எடையுள்ள பொருளுக்குக் கூரைக் காற்றாடி ஒரு புயல். அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் மலிவு வகையாக இருந்தால் சன்னல் திரையையும் இழுத்துவிடுவது நல்லது, நேர் வெயில் பட்டால் ரிமோட்டின் ஆணை அதற்கு எட்டாமல் போகலாம்.

தரையில் ஒரு காகிதத்தை ஒட்டி, அதன் மேல் ஹெலிகாப்டரை வைக்க வேண்டும். வால் ஓட்டுபவரைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அதன் இடமும் அவர் இடமும் ஒன்றாக இருக்கும். பரவலாக விற்கும் ரிமோட்டுகளில் இடக்குச்சி உயரத்துக்கு, வலக்குச்சி முன்பின் செல்வதற்கு. நான்கு கட்டுப்பாடு உள்ளவற்றில் வலக்குச்சியே பக்கவாட்டுச் சாய்வையும் பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் அனேகமாக எல்லாரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். பயத்தால் நாலு விரல் உயரத்திலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள். தரையை ஒட்டி இருக்கும்போது விசிறி கீழே தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி, ஹெலிகாப்டரை ஒரு மெத்தையில் வைத்தாற்போல் தாங்கும். அந்த மெத்தையில் அது வழுக்கிக்கொண்டே இருக்கும். மெதுவாக, ஆனால் தயங்காமல், இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோனால் தள்ளாட்டம் குறைந்துவிடும். இரண்டாவது தவறு, குச்சியை முழுதாகத் தள்ளி முழுதாக இழுப்பது. கீழே வருவதைக் கண்டதும் பதறி ஏற்றினால் கூரை, பிறகு பதறி இறக்கினால் தரை. விரல்நுனி அசைவே போதும்.

மோதப் போகிறது என்று தெரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இடக்குச்சியை முழுதாகக் கீழே இழுத்து விசிறியை நிறுத்துவது. விசிறி நின்றபின் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுழன்றுகொண்டே சுவரில் மோதினால்தான் இறக்கை முறியும், மோட்டார் கருகும். காப்பாற்றப் பார்ப்பதுதான் மனித இயல்பு, ஆகையால் இதைத் தனியே பழக வேண்டியிருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. சிறு பிள்ளைகளை ஒரு நாற்காலிக்குப் பின்னால் உட்கார்த்தி வேடிக்கை பார்க்க விடலாம்.

காகிதத்துக்கு மேலே ஒரு நிமிடம் நிற்க வைக்க முடிந்தால் முதல் பாடம் முடிந்தது. பிறகு வலப்பக்கம் திருப்பி நிறுத்துவது, இடப்பக்கம் திருப்பி நிறுத்துவது. உண்மையான சோதனை அதற்கப்புறம்: மூக்கு ஓட்டுபவரைப் பார்க்கும்படி நிறுத்துவது. கண்ணாடியைப் பார்த்து நெற்றியில் பொட்டு வைப்பவருக்குப் பழக்கம் உண்டு, கண்ணாடியைப் பார்த்து முடி வெட்டிக்கொள்ளச் சொன்னால் கை எந்தப் பக்கம் போகும்? அதே குழப்பம்தான் இங்கும். ஹெலிகாப்டருக்கு இடம் என்பது ஓட்டுபவருக்கு வலம். அது வலப்பக்கம் நகர்வதைப் பார்த்துக் குச்சியை இடப்பக்கம் தள்ளினால் இன்னும் வேகமாக வலப்பக்கமே பாயும். பழகியவர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: எந்தப் பக்கம் தாழ்கிறதோ, அந்தப் பக்கத்துக்குக் குச்சியை முட்டுக் கொடுப்பதுபோல் தள்ளு. யோசித்துத் தள்ள நேரமில்லை, கை தானாகச் செய்ய வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கணினியில் பறக்கும் பயிற்சி மென்பொருள்கள் உதவும், அங்கே இறக்கை உடைந்தால் காசு போகாது.

விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். நடிகர் அஜித்குமாருக்கு இந்தப் பொழுதுபோக்கில் இருந்த ஈடுபாடு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பலர் அறிவர். அப்துல் கலாம் படித்த அதே சென்னை குரோம்பேட்டை எம்ஐடி கல்லூரியின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு 2018ல் அவர் ஆலோசகரானார். ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு நடந்த, ஆளில்லா வானூர்தியில் மருத்துவப் பொருள் கொண்டுசெல்லும் அனைத்துலகப் போட்டியில் அக்குழு இரண்டாம் இடம் பெற்றது.

பேட்டரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் விபரீதம் வரக்கூடிய இடம் அதுதான். இவற்றில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. ஐந்தாறு நிமிடம் பறக்கும், பிறகு அரைமணி நேரத்துக்குமேல் சார்ஜ் ஏற வேண்டும். பறந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது, ஆறவிட வேண்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது, மெத்தைமேல் வைப்பது இரண்டும் கூடவே கூடாது. உப்பிப்போன பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது, வீட்டுக் குப்பைக் குழாயிலும் போடக் கூடாது. அந்த அரைமணிக் காத்திருப்பு வீண் என்று நினைக்க வேண்டாம். எங்கே கை தவறியது என்று யோசிக்க அதுவே நேரம்.

கூடத்தில் கை தேறியதும் வெளியே போக ஆசை வரும். முதியவர்கள் உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் ஓடும் புளோக் கீழ்த்தளம் இதற்கு இடமல்ல. திறந்த வெளி என்றால் சட்டம் குறுக்கே நிற்கிறது. சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் ஆளில்லா வானூர்திகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், ரிமோட் ஹெலிகாப்டரும் அதில் அடக்கம். 250 கிராமுக்கு மேற்பட்டவற்றை 2020 முதல் பதிவு செய்தாக வேண்டும். பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எடை குறைவென்றாலும் விமானத் தளங்களிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. பாய லேபார், சாங்கி தளங்களை வைத்துப் பார்த்தால் ஹவ்காங், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் வட்டாரங்களின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் வந்துவிடும். உயரம் 200 அடியைத் தாண்டவும் கூடாது.

இது வெறும் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் 2019 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். சாங்கிக்கு அருகே அனுமதியில்லாத வானூர்திகள் தென்பட்டதால் ஓர் ஓடுபாதை இடையிடையே மூடப்பட்டு, 37 விமானங்கள் தாமதமாயின. அதே மாதம் இன்னொரு நாளும் அப்படி நேர்ந்தது. சின்னத் தீவு, மேலே நெரிசலான வானம்.

ஆகவே, கிளம்புமுன் ஆணையத்தின் வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொண்டு, காற்றில்லாத அதிகாலையில் போவது உசிதம். அங்கே போனதும், பத்தடி தள்ளிப் புல்லில் ஹெலிகாப்டரை வைத்து, வாலைத் தம் பக்கம் திருப்பி, இடுப்பு உயரத்தில் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கூடத்தில் பழகியது வெளிக்காற்றில் பாதிதான் கைக்கு வரும்.