குறைமின் கம்பியில்லாக் கருவிகளில் ஆண்டெனாவின் அளவும் மின்கலத்தின் ஆயுளும்

இந்தியாவில் பொருள்களின் இணையக் கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்தும் அலைப்பட்டைகளுள் 865–868 மெகாஹெர்ட்ஸ் ஒன்றாகும். இதன் அலைநீளம் ஏறத்தாழ 34.6 செ.மீ.; கால் அலைநீள ஆண்டெனாவுக்கு 8.7 செ.மீ. நீளம் தேவை. தீப்பெட்டியளவுக் கருவிக்குள் இது நேராக அடங்காது. கம்பியை மடித்தோ சுருளாக்கியோ அடக்க வேண்டும்.

இச்சுருக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. அலைப்பட்டை அகலம், கதிர்வீச்சுப் பயனுறுதிறன் ஆகியவற்றின் பெருக்கற்பலனை ஆண்டெனா அடங்கும் கன அளவே வரையறுக்கிறது. வீலர் (1947), சூ (1948) ஆகியோரின் ஆய்வுகள் இக்கருத்திற்கு அடித்தளமிட்டன.

பயனுறுதிறன் 25 விழுக்காடாயின் இழப்பு 6 டெசிபெல். திறந்தவெளியில் தொடர்புத் தொலைவு பாதியாகும். அதை ஈடுசெய்ய நான்கு மடங்கு திறனைச் செலுத்த வேண்டும். அச்சுமை மின்கலத்தையே சேரும்.

மேலும், சுற்றுப்பலகையின் தரைத்தளம் ஆண்டெனாவின் மறுபாதியாக இயங்குகிறது. எனவே ஆண்டெனாவுக்குரிய இடம் பலகை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே ஒதுக்கப்படல் வேண்டும். எஞ்சிய மூலை அதற்குப் போதாது.