பாயில் பத்துப் பேர் போதும்

கேரளத்தில் பிறப்பு குறைகிறது. அங்கன்வாடிகளில் வருகைப் பதிவேடு மெலிகிறது. ஆனால் விதுரா போன்ற மலையடிவாரங்களில் தலைகளை எண்ணுவது மட்டும் போதாது.

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் வழியில், சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது விதுரா. சிறிய மலையோர ஊர். ஆனால் அதற்குள் பல உலகங்கள். ஒருபக்கம் ஐசர் அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தின் வளாகம். இன்னொரு பக்கம் போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயங்களில், தமிழகத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் வழித்தோன்றல்கள். காட்டோரத்தில் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள்.

வசதி உள்ள வீட்டுக் குழந்தை வேன் ஏறி எல்.கே.ஜி.க்குப் போய்விடும். லயத்திலும் காணிக் குடியிருப்பிலும் இருப்பவர்களுக்கு அங்கன்வாடிதான் முதல் பள்ளி.

1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். கேரளத்தில் அது முதலில் கால் பதித்தது மலப்புரம் மாவட்டத்து வேங்கரையில். இன்று மாநிலத்தில் 33,000-க்கும் அதிகமான அங்கன்வாடிகள் உள்ளன. ஆனால் குழந்தைகள்? 2001 கணக்கெடுப்பில் 6 வயதுவரை உள்ளவர்கள் 37.9 லட்சம், 2011-ல் 34.7 லட்சம். 2014-ல் சுமார் 5.3 லட்சமாக இருந்த பிறப்புகள் 2021-ல் 4.2 லட்சத்துக்கு இறங்கின. இருக்கும் குழந்தைகளிலும் ஒரு பகுதியை ஆங்கிலவழி மழலையர் பள்ளிகள் அள்ளிக்கொள்கின்றன.

மலையில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. சமவெளியில் 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்பது விதி. பழங்குடி, மலைப் பகுதிகளில் 300 பேர் இருந்தாலே போதும். 2011-ன் மாநில விகிதப்படி அந்த 300 பேரில் 6 வயதுவரை உள்ளவர்கள் 31 பேர்தான். அதிலும் ஆரம்பக் கல்விக்கு வரும் வயதினர் பாதிக்கும் குறைவு. பிறப்பு மேலும் சரிந்துவிட்ட பிறகு, பாயில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே அது நிறைந்த வகுப்பு.

‘இத்தனை குறைவான பேருக்கு ஒரு மையமா? பக்கத்து மையத்துடன் இணைத்துவிடலாமே?’ நகரத்தில் நியாயமாகத் தோன்றும் கேள்விதான் இது. அங்கே பக்கத்து மையம் அடுத்த தெருவில் இருக்கும். இங்கே இடையில் யானை நடமாடும் காட்டுப் பாதை. மூன்று வயதுக் குழந்தை தனியாக நடக்காது. கொண்டுபோய் விடும் தாய்க்கு அன்றைய கூலி போகும். விளைவு, குழந்தை வீட்டிலேயே நின்றுவிடும்.

அப்போது இழப்பது பாட்டும் விளையாட்டும் மட்டுமல்ல. மதிய உணவு, 2022 முதல் கிடைக்கும் பாலும் முட்டையும், மாதாந்திர எடைக் கணக்கு, கர்ப்பிணிக்கான சத்துணவு எல்லாம் அந்த ஒரே அறையைச் சார்ந்தவை. 2025-ல் அறிவிக்கப்பட்ட புதிய உணவுப் பட்டியலில் முட்டை பிரியாணிகூட உண்டு. மையம் எட்டாத குழந்தைக்கு அது வெறும் செய்தி.

மொழியும் இருக்கிறது. லயத்தில் வீட்டு மொழி தமிழ். காணிகளின் பேச்சோ தமிழும் மலையாளமும் கலந்தது. பள்ளி மலையாளத்தோடு இக்குழந்தைகள் அச்சமின்றிப் பழகும் முதல் இடம் அங்கன்வாடி. அது இல்லாதவர்கள் ஒன்றாம் வகுப்பில் வாயடைத்து நிற்கிறார்கள்.

மலைக்கு அப்பால், பாபநாசம் பக்கத்துக் காணிக் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும். பதிவேட்டில் பெயர்கள் குறையக் குறைய, எஞ்சியிருப்பவர்கள் வேறு போக்கிடம் இல்லாதவர்கள். ஒரு மையத்தைப் பூட்டும் முன் கேட்க வேண்டியது எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அல்ல. பூட்டினால் அவர்கள் எங்கே போவார்கள் என்பதை.