கோபுரத்து அலையும் எக்ஸ்ரே கதிரும்: ஓர் ஐயம், ஒரு விளக்கம்

"எங்கள் தெருவில் கைப்பேசிக் கோபுரம் நிற்கிறது. அந்தக் கதிர் போதாதென்று எக்ஸ்ரே வேறு எடுக்க வேண்டுமா?" பாரிவாக்கத்திலிருந்தும் பூந்தமல்லி–ஆவடி சாலையை ஒட்டிய ஊர்களிலிருந்தும் வரும் குடும்பத்தினர் சிலர் எம்மிடம் இவ்வாறு வினவுவதுண்டு. இரண்டையும் 'கதிர்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதால் எழும் ஐயம் இது.

1895-ஆம் ஆண்டு இவ்விரண்டின் வரலாற்றிலும் முக்கியமானது. அவ்வாண்டு ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்தார். அதே காலத்தில் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ், சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 30 முதல் 300 கிகாஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட இவை இன்று மில்லிமீட்டர் அலைகள் எனப்படுகின்றன. விமான நிலைய உடல் சோதனைக் கருவிகள் பலவற்றிலும், புதிய கார்களின் ராடாரிலும் இவை பயன்படுகின்றன.

எக்ஸ்ரே உடலை ஊடுருவிச் செல்லும். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவேதான் அதனைத் தேவையறிந்து, அளவறிந்து பயன்படுத்துகிறோம். மில்லிமீட்டர் அலைக்கு அவ்வாற்றல் இல்லை. அதன் பெரும்பகுதி தோலின் மேற்புறத்தில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழத்திற்குள்ளேயே அடங்கிவிடும். மிகுந்த செறிவில் அது தோலையும் கண்ணையும் சூடாக்கக்கூடும். அதனைத் தடுக்கவே வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. கைப்பேசிக் கோபுரங்களுக்கான வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காக இந்திய அரசு 2012 செப்டம்பரில் குறைத்தது.

2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கிய 5ஜி சேவையும் பெரும்பாலும் 3.3 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையிலேயே இயங்குகிறது. அது மில்லிமீட்டர் அலையன்று. எனினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. 2011-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ரேடியோ அலைகள் அனைத்தையும் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்' என்னும் பிரிவில் வைத்தது. கிடைத்த சான்றுகள் குறைவானவை என்பதையும் அம்முகமை அப்போதே கூறியது.

ஆகவே எம் வேண்டுகோள் இவை:

தலைவலி, மயக்கம், உடல் மெலிவு, கட்டி ஆகியவற்றிற்குக் கோபுரமே காரணம் என முடிவு செய்து நாளைக் கடத்தாதீர்கள். உரிய காலத்தில் மருத்துவரைக் காணுங்கள்.

கோபுரத்தின் மீதுள்ள அச்சத்தால் மருத்துவர் கூறும் எக்ஸ்ரேயையோ, ஸ்கேனையோ, கதிர்வீச்சுச் சிகிச்சையையோ மறுக்காதீர்கள். கருவுற்றிருப்பின், அல்லது அவ்வாறு ஐயமிருப்பின், முன்னரே தெரிவியுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைக்க வேண்டா. கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் குறையாத தொலைவில் வைத்து, எதிர்ப்புறக் காதில் பேசுங்கள். விமான நிலையச் சோதனையின்போது பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, உலோகச் சோதனை வாயிலில் நில்லாமல் கடந்து செல்லுங்கள்.

ஐயம் எதுவாயினும், சோதனை அறைக்குள் செல்லும் முன்னரே எம்மிடம் கேளுங்கள். விளக்குதலும் எம் கடமையே.