மிதிக்காத திராட்சை

ஒயின் செய்யத் திராட்சையை நசுக்கத்தான் வேண்டும் என்று நினைப்போம். பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே, போஜொலே குன்றுகளில் பழத்தைக் காம்போடு, குலைகுலையாகவே தொட்டியில் நிரப்புகிறார்கள். குலை சிதையக் கூடாது என்பதால் அறுவடையும் பெரும்பாலும் கையால்தான்.

தொட்டிக்குள் நடப்பது என்னை எப்போதும் வியக்கவைக்கும். மேலே குவிந்த பாரத்தால் அடியிலுள்ள பழங்கள் தாமாகவே நசுங்கிச் சாறு விடும். ஈஸ்ட் அந்தச் சாற்றை நொதிக்கவைக்க, கரியமில வாயு எழுந்து தொட்டியை நிறைக்கும். ஆக்சிஜன் கிடைக்காத முழுப் பழங்கள் அப்போது தம் உடலுக்குள்ளேயே வேலையைத் தொடங்கும். ஈஸ்ட்டின் துணையின்றி, பழத்தின் சொந்த நொதிகளே சர்க்கரையில் ஒரு பகுதியை ஆல்கஹாலாக்கும். அது ஏறத்தாழ 2 சதவீதத்தை எட்டும்போது பழம் தளர்ந்து வெடிக்கும். புளிப்பு தரும் மாலிக் அமிலமும் அதற்குள் குறைந்திருக்கும். செர்ரி, ராஸ்பெர்ரி, சில சமயம் வாழைப்பழம்கூட மணப்பது இந்தச் சில நாள் வேலையால்தான். பிறகு பிழிந்து, மீதி நொதித்தலை முடிக்கிறார்கள். தோலும் விதையும் சாற்றில் வெகுநாள் ஊறாததால் துவர்ப்பும் குறைவு.

திராட்சையின் பெயர் கமே. கறுத்த தோல், வெள்ளைச் சாறு. சீக்கிரம் பழுக்கும், அள்ளிக் காய்க்கும். அந்தத் தாராளமே அதற்குப் பகையானது. 1395-இல் பர்கண்டியின் கோமகன் இரண்டாம் பிலிப், கமேயைத் தன் நாட்டிலிருந்து வெட்டியெறிய ஆணையிட்டார். அவர் மதித்தது பினோ நுவார் திராட்சையை. கமேக்கு வாழ்வு தந்தது தெற்கே இருந்த போஜொலே. அதன் வட பகுதியின் வளம் குறைந்த கருங்கல் மண்ணில் காய்ப்பு மட்டுப்பட்டு, சுவை திரள்கிறது.

உலகம் இந்த ஊரை அறிந்தது என்னவோ புது ஒயினால். அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் 'போஜொலே நுவோ' அது. 1985 முதல் அந்த நாள்தான். அந்தக் கொண்டாட்டத்தின் வெளிச்சத்தில் மோர்கோன், ஃப்ளூரி, முலான்-ஆ-வான் முதலிய பத்து இடங்களின் ஒயின்கள் மறைந்துபோனது எனக்கு வருத்தமே. தம் சொந்தப் பெயரிலேயே விற்கும் தகுதி பெற்றவை அவை.

அவற்றில் நல்லவற்றைப் பத்தாண்டு காத்திருந்து திறந்தால் பினோ நுவாரின் சாயல் எழும். அதைச் சொல்ல அங்கே 'பினோத்தே' என்று தனி வினைச்சொல்லே உண்டு. மரபணு ஆய்வும் பின்னாளில் உறவைக் காட்டியது: கமே, பினோவின் பிள்ளை.