முச்சுடரும் ஒளிப்படமும்

படம்பிடிக்குங் கலையின் ஆக்கத்துக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பர் பலர். நிழற்படம் என்பர் சிலர். ஒளிப்படம் என்பர் வேறு சிலர். ஜோன் ஹேர்ஷல் என்னும் ஆங்கில அறிஞர் 1839ஆம் ஆண்டில் அறிஞர் அவையில் வழங்கிய பெயர் கிரேக்கச் சொற்கள் இரண்டின் கூட்டு. ஒளியால் எழுதுதல் என்பது அதன் பொருள். ஆதலின் ஒளிப்படம் என்பதே தக்க பெயர் என்பது என் துணிபு. பண்டிதருக்குச் சொல்லை நோண்டுவதே தொழில் என்று மாணவர் நகைப்பர். நகைக்கட்டும். எந்த ஒளியால் எழுதுவது என்ற வினா அப்பெயருக்குள்ளேயே கிடக்கிறது. வன்னியில் அது வெறுஞ் சொல்வினா அன்று.

வைகாசித் திங்களில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குச் சென்றோர் அறிவர். முல்லைத்தீவுக் கடலில் முகந்த நீரை வார்த்து விளக்கெரித்தல் அங்குள்ள மரபு. முதலில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்திலும், பின்னர் நந்திக்கடலோரத்து அம்மன் சந்நிதியிலும் அவ்விளக்கு எரிகிறது. இந்நாளில் அச்சுடரைச் சூழக் கைத்தொலைபேசிகள் காடுபோல உயர்கின்றன. அவற்றுட் பல வெண்ணிறப் பிளாஷ் ஒளியைச் சொரிகின்றன. வீடு சென்று பார்த்தால் படத்தில் உள்ளவை யாவை? வெளுத்த முகங்களும், பளபளக்கும் பித்தளையும், நடுவே மங்கலான ஒரு மஞ்சட் புள்ளியுமே. விளக்கைக் காணச் சென்றவர்கள் தத்தம் தொலைபேசியின் ஒளியைப் படம்பிடித்துக்கொண்டு மீள்கின்றனர்!

தீயைப் படம்பிடிக்க விரும்புவோர் இருளைக் காத்தல் வேண்டும். பிளாஷை நிறுத்துதல் முதற்படி. அடுத்தது, எத்தகைய தீ என்று அறிதல். நிகண்டுகள் தீக்குப் பல பெயர்களைத் தொகுத்துத் தந்தது எதுகை தேடுவோர்க்காக மட்டும் அன்று. சுடர் ஒளி மிக்கது. கமராவின் ஒளியளவைச் சுற்றுப்புறத்துக்கன்றிச் சுடருக்கே பொருத்தினால் அது தன் வடிவம் பெறும். கைத்தொலைபேசியிலாயின் திரையில் தோன்றும் சுடரின்மேல் விரலை வைத்து, ஒளியளவைக் கீழிறக்கினாற் போதும். பொறியோ பறப்பது, நொடியின் ஆயிரத்திலொரு பங்கு நேரம் கமரா கண் திறந்தால் அது புள்ளி, கால் நொடி திறந்தால் அது கோடு. தணல் அடங்கிய ஒளியுடையது. கமராவை ஒரு கல்லின்மேல் அசையாது இருத்திச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். பொங்கல் முடிந்த பின் அடுப்பிற் கிடக்கும் தணலை எவரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ அன்றிரவின் அழகெல்லாம் அதிலேயே உளது.

நிறத்திலும் கவனம் வேண்டும். நண்பகல் ஒளியின் நிறவெப்பம் ஏறத்தாழ 5500 கெல்வின். மெழுகுதிரிச் சுடரினது ஏறத்தாழ 1900. கமரா தானாகவே யாவற்றையும் வெண்மையாக்க முயலும். அதற்கு இடங்கொடாது பகலொளிக்குரிய அளவில் நிறுத்தினால், சுடரின் செம்மஞ்சள் படத்தில் எஞ்சும்.

நிற்க. பனிக்கட்டிக்கு வன்னியில் எங்கே போவது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் வேமண்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்னும் ஊரில் வில்சன் பென்ற்லி என்ற உழவர், 1885 சனவரி 15ஆம் நாள் ஒரு பனித்துகளை நுணுக்குக்காட்டி வழியே படம்பிடித்தார். வாழ்நாளில் அவர் எடுத்தவை 5000க்கு மேல். அவருக்கு உதவியது துகளை ஊடுருவி வந்த பகலொளியே. எம் மாணவர்க்குப் பனித்துகள் வானிலிருந்து விழாது. ஆயினும் முல்லைத்தீவுக் கரையின் மீன்வாடிகளில் ஐஸ்கட்டிகள் உண்டு. உடைத்து றெஜிபோம் பெட்டியில் இடுமுன் ஒரு துண்டை இளஞ்சூரியனுக்கு எதிரே வைத்துப் பாருங்கள். உள்ளே சிறைப்பட்ட காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் ஒளிரும். முன்னின்று பிளாஷ் அடித்தால் அது வெறும் வெள்ளைக்கல்.

இயற்கையொளிக்குச் சான்று தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஹேர்ஷலின் நண்பரான ஜூலியா மார்கரற் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்தவர். 48ஆம் வயதிலேயே முதற் கமராவைப் பெற்ற அவர், 1867இல் முதிய ஹேர்ஷலை எடுத்த படத்தில் நரைத்த தலைமயிர் இருளினின்றும் ஒளிக்கற்றைபோல எழுகிறது. ஒருபுறமாக வந்த பகலொளியன்றி வேறு துணை அவருக்கில்லை. 1879இல் இம்மண்ணிலேயே காலமாகிப் பொகவந்தலாவையில் அடக்கம் பெற்றார். அவர் இலங்கையில் எடுத்தவற்றுட் சிலவே எஞ்சியுள்ளன. களுத்துறைக் குடியானவர் என்ற தலைப்புடைய படமும் அவற்றுள் ஒன்று. ஒளி அம்முகங்களை எத்துணைப் பரிவோடு தடவுகிறது! ஆயின் அத்தலைப்பில் அம்மனிதரின் பெயர் இல்லை. கலையிற் குறை சொல்ல இயலாத இடத்தில் இக்குறை என் மனத்தை உறுத்துகிறது.

உறுத்தக் காரணம் உண்டு. 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே இடம்பெயர்ந்த எம்மவர் பலரின் படத்தொகுப்புகள் வழியிலே போயின. புதைத்து வைத்தவற்றை மீண்டு வந்து தோண்டியோர், ஈரத்தால் ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களையே கண்டனர். இறந்தவரின் படமாக, அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த ஒன்றே பல வீடுகளிற் சுவரில் தொங்குகிறது. இத்தகைய ஊரில் இன்று எடுக்கும் படத்தை ஏனோதானோவென்று எடுக்கலாமா? மே 18இல் முள்ளிவாய்க்காலிற் சுடரேற்றி அழும் தாயின் முகத்திற் பிளாஷைப் பாய்ச்சுதல் கலையுமன்று, பண்புமன்று. அவள் ஏற்றிய சுடரின் ஒளி அவள் முகத்திற்குப் போதும்.

சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி ஒரு படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினாள். சிறு சுடர், அதைக் காற்றினின்றும் மறைத்த முதிய கை, விரலிடுக்குகள் செம்மையாக ஒளிர்கின்றன, முகம் பாதி இருளில். பிளாஷ் இல்லை. பின்புறத்தில் விவரம் எழுதுக என்றேன். “அம்மம்மாவின் கை” என்று எழுதி நாளையும் இட்டாள். அம்மம்மாவுக்குப் பெயர் இல்லையோ என்றேன். சிரித்துவிட்டு, பேனாவை மீண்டும் திறந்தாள்.