மின் கித்தாரின் ‘ஹம்’ எங்கிருந்து வருகிறது?

பொங்கல் விழா ஒத்திகையில் ஒரு மாணவன் சொன்ன ஒற்றை வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். “சார், பாடும்போது மைக்ல உதடு பட்டா சுருக்குனு அடிக்குது.” அவன் கையில் மின் கித்தார். அவனுடைய ஆம்ப்ளிஃபையரிலிருந்து விடாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு முரல். அதுவரை நாங்கள் அந்தச் சத்தத்தை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தோம்.

நான் தமிழாசிரியர், மின்பொறியாளர் அல்ல. ஆனாலும் பள்ளி விழா என்றால் ஒலி அமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் நம் தலையில்தான் விழுகிறது, இல்லையா? நானும் கொஞ்சம் கித்தார் வாசிப்பவன் என்பதால், தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கட்டுரையில் மாணவர்கள் எல்லாவற்றையும் ‘சத்தம்’ என்றே எழுதிவிடுவார்கள். ஆனால் வண்டு முரல்வது வேறு, மழை இரைவது வேறு. கித்தாரிலும் அப்படித்தான். தாழ்ந்த குரலில் சீராக ‘ம்ம்ம்’ என்றால் அது மின்சாரத்தின் முரல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறிப் பாய்கிறது. அந்த அதிர்வுதான் காதில் விழுகிறது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைந்தால் ஆம்ப்ளிஃபையரிலோ டிஸ்டார்ஷன் பெடலிலோ கெய்ன் அதிகம், குறைத்தாலே போதும். அசைக்கும்போது மட்டும் ‘கரகர’ என்றால் வயர் முனையோ குமிழோ பழுது.

முரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு காசும் செலவில்லை. கித்தாரின் வால்யூம் குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்புங்கள். சத்தம் நின்றால் அது கித்தார் வழியாக வருகிறது. நிற்கவில்லையா? ஆம்ப்ளிஃபையரில் செருகிய வயரைக் கழற்றுங்கள். இப்போது நின்றால் வயரோ பெடல்களோ காரணம். அப்போதும் நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரும் மின் இணைப்பும்தான் மிச்சம். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே கடைக்குப் போய் ‘நாய்ஸ் கேட்’ வாங்குபவர்கள் நிறைய பேர். அது வாசிக்காத நேரத்தில் வாயை அடைக்கும். வாசிக்கத் தொடங்கியதும் முரலும் கூடவே திரும்பி வரும்.

கித்தார் ஏன் முரலைப் பிடிக்கிறது? கம்பிகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தின் மேல் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. எஃகுக் கம்பி அதிர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். படிவம் 5 இயற்பியலில் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் அந்தச் சுருளுக்குக் கம்பி எது, பக்கத்தில் உள்ள மின்மாற்றி எது என்று தெரியாது. மேடை விளக்கின் டிம்மர், குழல் விளக்கு, சார்ஜர் எல்லாவற்றின் காந்தப் புலத்தையும் சேர்த்தே பிடிக்கும். நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். ஒரு திசையில் முரல் குறைவது தெளிவாகக் கேட்கும்.

இதற்குத் தீர்வு கண்டவர்களில் ஒருவர் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1959-இல் கிடைத்தது. ஒரு சுருளுக்குப் பதில் இரண்டு சுருள். இரண்டையும் எதிரெதிராக இணைத்தார். வெளியிலிருந்து வரும் முரல் இரண்டிலும் ஒரேபோல் விழுவதால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். அப்படியானால் இசையும் கழிந்துவிடாதா? அங்கேதான் சாமர்த்தியம். காந்தங்களையும் எதிரெதிராகத் திருப்பி வைத்தார். கழித்தலும் கழித்தலும் சேர்ந்தால் கூட்டல் ஆகுமல்லவா? இசை கூடியது. முரலை எதிர்ப்பதால் அதற்கு ‘ஹம்பக்கர்’ என்று பெயர்.

வயர், பெடல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்பீக்கர் வயரைக் கித்தாருக்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் உலோகக் கவசம் கிடையாது. நான்கு பெடல்களை ஒரே அடாப்டரில் இணைத்திருந்தால், சந்தேகப்படும் பெடலை 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

இனி, உதட்டில் சுருக்கென்று அடித்த கதை. அந்த ஆம்ப்ளிஃபையர் வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன் பிளக்கில் எர்த் இணைப்பு பக்கவாட்டில் இருந்தது. நம் சாக்கெட்டில் பொருந்துவதற்காகப் பயண அடாப்டர் ஒன்றைச் சொருகியிருந்தார்கள். அதன் மேல் பின் வெறும் பிளாஸ்டிக்! சாக்கெட்டின் மூடியைத் திறப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. பேனா மூடியை மேல் துளையில் குத்தி இரண்டு பின் பிளக்கைச் சொருகுவதைப் பார்த்திருப்பீங்களே, அதே கதைதான். எர்த் இல்லாததால் ஆம்ப்ளிஃபையரின் உலோக உடலில் கசிந்த மின்சாரம் கித்தார் கம்பிக்கு வந்தது. மைக் எர்த் உள்ள மிக்ஸரோடு இணைந்திருந்தது. கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் பாலமாக இருந்தவன் அந்த மாணவன். கசிவு என்பதால் சுருக்கென்றதோடு போயிற்று. ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு வயர் அறுந்து உலோகத்தில் பட்டிருந்தால் 230 வோல்ட்டும் அவன் வழியாகப் போயிருக்கும். 1972-இல் சுவான்சி நகர மேடையில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார்.

முரலைக் குறைக்க ‘எர்த் பின்னை வெட்டிடுங்க’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சில சமயம் உண்மையிலேயே சத்தம் குறையும், அதுதான் ஆபத்து. ஆம்ப்ளிஃபையரும் மிக்ஸரும் வெவ்வேறு சாக்கெட்டில் இருந்து, ஒலி வயராலும் இணைந்திருந்தால் எர்த் ஒரு வளையமாகி முரலும். அதற்குப் பின்னை வெட்ட வேண்டாம். இரண்டையும் ஒரே சாக்கெட் வரிசையிலிருந்து ஓட்டுங்கள். போதவில்லையென்றால் டி.ஐ. பாக்ஸ் வையுங்கள், அதில் உள்ள ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் ஒலி வயரின் இணைப்பை மட்டும் துண்டிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. பழைய ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

நாங்கள் ஒத்திகையை நிறுத்தினோம். ஆம்ப்ளிஃபையரின் வயர் கழற்றி மாட்டும் வகை; கணினிக்கும் அதே முனைதான். கணினி அறையிலிருந்து ஒரு மூன்று பின் வயரை எடுத்துவந்து மாட்டினோம். மேடை சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று மின்பணியாளரை வைத்துச் சோதித்த பிறகுதான் அவனை மறுபடியும் மைக் முன்னால் நிற்க விட்டேன். “இப்ப அடிக்கல சார்” என்றான். முரலும் பெரும்பாலும் போய்விட்டது. மிச்சமிருந்தது இடப்பக்க விளக்கின் டிம்மரால் வந்தது. விழா அன்று முழுப் பாட்டையும் அவன் வலப்பக்கம் பார்த்தே வாசித்தான். முதல்வர்கூட, “தம்பி ஏன் அந்தப் பக்கமே பார்க்கிறான்?” என்று கேட்டார்.