சப்ளையர் கையில் ஒரு நியமனக் கடிதம்

களியக்காவிளையைத் தாண்டினால் இஞ்சிவிளை, பாறசாலை; அடுத்து நெய்யாற்றின்கரை. இந்த நெடுஞ்சாலையோர உணவகங்களில் பரிமாறுவோர் பலர் காலையில் எல்லை கடந்து வந்து, இரவில் குமரி மாவட்டத்து வீடுகளுக்குத் திரும்புகின்றனர். அவர்களுள் ஒருவர் அண்மையில் வீட்டின் ஓட்டுக் கூரையை மாற்றக் கடன் கேட்டு எங்களிடம் வந்தார். எட்டு ஆண்டுகளாக ஒரே உணவகத்தில் வேலை. அதைக் காட்ட ஒரு தாள்கூட இல்லை. சம்பளமும் ரொக்கமாகவே வருகிறது. விண்ணப்பத்தை ஏற்க எங்களால் இயலவில்லை.

உணவக உரிமையாளரும் எங்கள் வாடிக்கையாளரே. "எல்லாம் நம்பிக்கைதான் சார், கடிதம் எதற்கு?" என்று கேட்டார். அவரைப் போன்றோருக்காகவே இதை எழுதுகிறோம்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. அதைவிடச் சிறிய கடைகளுக்கும் கடிதம் நன்மையே தரும்.

முதலில் எந்த மாநிலச் சட்டம் என்பதைத் தெளிவாக்க வேண்டும். தொழிலாளியின் ஊர் இதற்குக் கணக்கில்லை. கடை இருக்கும் இடமே கணக்கு. பாறசாலைக் கடைக்கு 1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். களியக்காவிளைக் கிளைக்கோ 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம். எனவே ஒரே படிவத்தை இரண்டு கிளைகளிலும் பயன்படுத்துவது தவறு.

பெயர், பதவி, சேரும் நாள், பணியிடம், அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், இடைவேளை, வார விடுமுறை ஆகியவை கடிதத்தில் இருக்க வேண்டும். கேரளத்தில் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது வரம்பு. மிகைநேரத்துக்கு இரட்டிப்பு ஊதியம். ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்க இயலாது. நீக்கும்போதும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தர வேண்டும். வேலைக்கிடையே அமர இருக்கை தருவதும் 2018 முதல் அங்கே சட்டக் கடமை.

உடைந்த தட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்வதாகப் பொதுவாக எழுதிவிடக் கூடாது. கவனக்குறைவு என்பது தெரிந்து, விளக்கம் கேட்ட பின்னரே பிடிக்கலாம். வாடிக்கையாளர் தரும் டிப்ஸைச் சம்பளத்தில் சேர்த்துக் காட்டுவதும் சரியன்று.

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் இருந்தால், 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு இ.எஸ்.ஐ.; 20 பேர் எட்டினால் வருங்கால வைப்புநிதி. இவற்றையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் மலையாளக் கடிதத்தில் கையொப்பம் வாங்காதீர்கள். தமிழ்ப் படி ஒன்றையும் இணையுங்கள்.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் செலுத்தினால், கடிதத்துக்கு அதுவே சான்றாக நிற்கும்.

அந்த உரிமையாளர் இப்போது கடிதம் கொடுத்துவிட்டார். முதல் மாதச் சம்பளமும் கணக்கில் ஏறியது. ஆறு மாத வரவு சேர்ந்ததும் வருமாறு அந்தத் தொழிலாளியிடம் சொல்லியிருக்கிறோம். அதற்குள் இடவப்பாதி மழை வந்துவிடும். பழைய ஓடு இன்னொரு மழையைத் தாங்கியாக வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தாள் கிடைத்திருந்தால் இந்தக் காத்திருப்பு இல்லை.